ஞாயிற்றுக்கிழமை ஆடாத ஆட்டக்காரர்

அமெரிக்காவில் மகாத்மா என்று பட்டம் பெற்ற ஒருவர் இருந்தார்.

அவர் துறவி அல்ல. அரசியல் தலைவரும் அல்ல. ஒரு பந்தாட்டக்காரர். பேஸ்பால் என்ற ஆட்டத்தை ஆடியவர்.

பெரிய ஆட்டக்காரரா என்றால், அதுவும் இல்லை! முதல் ஆளுக்கு அடிபட்டால் களத்தில் இறங்கும் மாற்று ஆள். தம் வாழ்நாளில் பெரிய லீக் பந்தயங்களில் அவர் கலந்துகொண்டது 120 தடவைதான். அதில் ஒரு பந்தயத்தில் அவருக்கு நேர்ந்த அவமானம், 100 ஆண்டுகளுக்கு மேலாகியும் கணக்குப் புத்தகத்தில் அழியாமல் இருக்கிறது.

ஆனாலும் அமெரிக்க விளையாட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவர் பெயரை எழுதாமல் பக்கத்தைத் திருப்ப முடியாது. கறுப்பர்களுக்கு மூடிக் கிடந்த மைதானத்தின் கதவைத் திறந்துவிட்டவர் அவர்.

அவர் பெயர் பிராஞ்ச் ரிக்கி.

தாயாருக்கு வாக்கு

ஓஹியோ மாகாணத்தில் ஸ்டாக்டேல் என்று ஒரு சிற்றூர். அங்கே 1881-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி ரிக்கி பிறந்தார். தகப்பனார் பிராங்க், விவசாயி. தாயார் எமிலி. இருவரும் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். தெய்வ பக்தி மிகுந்தவர்கள்.

வீட்டில் பணம் இல்லை. பள்ளிக்கூடமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சிறுவன் ரிக்கி கிடைத்த புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே படித்தான். வாலிபனானதும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தான். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்லூரிக்குப் போனான்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது தாயாருக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவனுக்குரிய நாள். அன்று பந்து விளையாடுவதில்லை. இதுதான் அந்த வாக்கு.

இது என்ன பெரிய வாக்கு என்று தோன்றலாம். பந்து விளையாட்டையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விலங்கு என்பது போகப் போகத் தெரியும்.

திருட்டைப் பிடிப்பவர்

ரிக்கியின் கதை புரிய வேண்டுமானால், பேஸ்பால் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒருவர் பந்தை எறிவார். ஒருவர் உருண்டைக் கட்டையால் அடிப்பார். அடித்தவர் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன். மூலைக்கு மூலை 90 அடி. இந்த மூலைகளுக்குத்தான் பேஸ் என்று பெயர்.

அடிப்பவருக்குப் பின்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்திருப்பார். அவர் கேட்சர். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர். முகத்துக்குக் கம்பி மூடி, மார்புக்கு மெத்தை. பந்து பட்டு விரல் ஒடியாத கேட்சர் அந்தக் காலத்தில் அபூர்வம்.

கேட்சருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு பேஸில் நிற்கும் எதிரி, பந்து எறியப்படும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்குப் பாய்ந்து ஓடலாம். அதற்குத் திருட்டு என்றே பெயர். சட்டம் அனுமதிக்கும் திருட்டு! அதைத் தடுக்கவேண்டியவர் கேட்சர்தான். பந்தைப் பிடித்த கையோடு எழுந்து, இரண்டாவது பேஸுக்கு வீச வேண்டும். தூரம் 127 அடி. ஓடுகிறவர் போய்ச் சேருவதற்குள் பந்து போய்ச் சேர வேண்டும்.

ஆகவே கையில் வலு இல்லாத கேட்சர், பல் இல்லாத காவல் நாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களத்தில் மற்ற 8 பேரும் அடிப்பவரைப் பார்த்து நிற்பார்கள். கேட்சர் ஒருவர்தான் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மைதானம் முழுவதும் அவர் கண் முன்னே விரிந்திருக்கும். யார் எங்கே நிற்கிறார், யார் எப்படி ஓடுகிறார் என்று அளந்து பார்ப்பவர் அவர். ரிக்கிக்குக் கையைவிடக் கண் நன்றாக வேலை செய்தது.

ஓட்டலில் ஓர் இரவு

ஓஹியோ வெஸ்லியன் கல்லூரியில் படிக்கும்போது ரிக்கி விடுமுறையில் கூலி வாங்கிக்கொண்டு பந்து ஆடினார். கூலி வாங்கியவர் கல்லூரி அணியில் ஆடக்கூடாது என்பது விதி. ஆனதால் கல்லூரி அணியில் ஆடும் உரிமை போயிற்று. ஆட முடியாவிட்டால் என்ன? அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாணவரே பயிற்சியாளர்!

அந்த அணியில் சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பர் இருந்தார். நல்ல ஆட்டக்காரர். ரிக்கியைப் போலக் கேட்சராகவும் ஆடியவர். கறுப்பர் அந்த ஒருவர்தான்.

ஒரு சமயம் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துடன் ஆடுவதற்காக அணி இண்டியானா மாகாணத்தில் உள்ள சவுத் பெண்ட் நகரத்துக்குப் போயிற்று. ஓட்டலில் எல்லாருக்கும் அறை கொடுத்தார்கள். தாமஸுக்கு மட்டும் கிடையாது என்றார்கள். கறுப்பர்களுக்கு அங்கே இடம் இல்லையாம்.

ரிக்கி விடவில்லை. வாதாடினார். கடைசியில் தம் அறையிலேயே ஒரு கட்டில் போட்டுத் தாமஸைப் படுக்கவைக்க அனுமதி வாங்கினார். மற்ற மாணவர்களைக் கவனித்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

அங்கே கண்ட காட்சியை ரிக்கி சாகும்வரை மறக்கவில்லை.

தாமஸ் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோலை உரித்து எறிந்துவிட வேண்டும் என்பதுபோலத் தேய்த்தார். இந்தத் தோல் வெள்ளையாக இருந்தால் தானும் மற்றவர்களைப் போல இருக்கலாமே என்று விம்மினார்.

ரிக்கிக்கு அப்போது 22 வயதுகூட இருக்கலாம், இன்னும் குறைவாகவும் இருக்கலாம். ஆறுதல் சொன்னார். அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்? ஒரு கட்டில் வாங்கிக்கொடுக்க முடிந்தது. அவ்வளவுதான்.

தாமஸ் பிற்காலத்தில் பல் டாக்டராகி நல்ல நிலைக்கு வந்தார். ரிக்கி அவருடன் நட்பை விடவில்லை.

ஞாயிறு கேட்ட விலை

1904-ல் ரிக்கி பட்டம் பெற்றார். அதே ஆண்டில் சின்சினாட்டி நகரத்தின் ரெட்ஸ் அணி அவரைக் கேட்சராக எடுத்துக்கொண்டது. கிராமத்துப் பிள்ளைக்கு இது குருவி கழுத்தில் பனங்காய் அளவு அதிர்ஷ்டம்!

அங்கேதான் வாக்கு குறுக்கே வந்தது.

தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஓய்வு கிடைப்பது ஞாயிறு ஒரு நாள்தான். கூட்டம் நிறைந்து வழிவது அன்றைக்குத்தான். பெட்டியில் பணம் சேருவதும் அன்றைக்குத்தான். அந்த நாளில் ஆடமாட்டேன் என்று சொல்லும் ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அணியின் மானேஜர் ஜோ கெல்லிக்குக் கோபம் வந்தது. ஒரு பந்தயத்தில்கூட இறங்காமல் ரிக்கி வெளியேற நேர்ந்தது.

வாக்கை விட்டுவிடவில்லை. வாய்ப்பை விட்டார்.

1905-ல் செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஒரே ஒரு பந்தயம் ஆடினார். 1906-ல் 65 பந்தயங்கள். அந்த ஆண்டுதான் அவருடைய நல்ல ஆண்டு. கட்டையைப் பிடித்தவர்களில் நூற்றுக்கு 28 தடவை ஒழுங்காக அடித்தவர் என்ற கணக்கு அவருக்கு வந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் அது மோசமே அல்ல. அந்த ஜூன் மாதம் ஜேன் மவுல்டன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். அந்த அம்மையாரைச் சம்மதிக்கவைக்க அவர் நூறு தடவைக்கு மேல் கேட்டார் என்று சொல்வார்கள். தோல்வியில் தளராத குணம் ஆட்டத்தில் மட்டும் அல்ல!

ஆனாலும் அவர் முதல் கேட்சர் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராத ஆளை நம்பி எந்த மானேஜர் அணி அமைப்பார்? தவிர, கையில் வலி கண்டது.

13 திருட்டு

1907-ல் பிரவுன்ஸ் அணி அவரை நியூயார்க் ஹைலாண்டர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பிற்காலத்தில் யாங்கீஸ் என்று உலகப் புகழ் பெற்றது இந்த அணிதான். நியூயார்க்கில் அப்போது ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வாக்குக்கு அங்கே தொல்லை குறைவு. தொல்லை கையில் இருந்தது.

ஜூன் 28-ந் தேதி. வாஷிங்டன் அணியுடன் பந்தயம். வலிக்கிற கையோடு ரிக்கி களத்தில் இறங்கினார்.

வாஷிங்டன் ஆட்டக்காரர் ஒருவர் பேஸைத் திருடினார். ரிக்கி எறிந்த பந்து நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொருவர் ஓடினார். அவரும் தப்பினார். கேட்சரின் கையில் வலு இல்லை என்பது எதிரிகளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் கேட்பானேன்? வந்தவர் போனவர் எல்லாரும் ஓடினார்கள். ரிக்கி எறிந்தார், எறிந்தார், எறிந்துகொண்டே இருந்தார். ஒருவரும் அகப்படவில்லை.

ஆட்டம் முடிந்தபோது எண்ணிப் பார்த்தார்கள். 13 திருட்டு!

ஒரே பந்தயத்தில் ஒரே கேட்சரை ஏமாற்றி 13 பேஸ்களைத் திருடியது அமெரிக்கன் லீக்கில் ஒரு சாதனை. அந்த லீக்கில் வேறு எந்தக் கேட்சருக்கும் அதைவிட அதிகமாக நேரவில்லை. கணக்குப் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே ரிக்கியின் பெயர்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு அவர் ஆடியது 52 பந்தயங்கள். அடித்ததும் குறைந்துபோயிற்று. ஆண்டு முடிவில் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 25. ஏழு ஆண்டுக்குப் பின் 1914-ல் இரண்டு பந்தயங்களில் கட்டையோடு வந்து போனார். அதை ஆட்டம் என்று சொல்வதற்கில்லை.

நோயும் வக்கீல் தொழிலும்

துன்பம் தனியாக வருவதில்லை. 1909-ல் ரிக்கிக்குக் காச நோய் கண்டது. அந்த நோய்க்கு அப்போது மருந்து இல்லை. ஓய்வும், நல்ல காற்றும், நல்ல உணவும்தான் வைத்தியம். நியூயார்க் மாகாணத்து மலைப் பகுதியில் சாரனாக் லேக் என்ற ஊரில் உள்ள புகழ்பெற்ற காச நோய் விடுதியில் சேர்ந்தார். பிழைத்து எழுந்தார்.

எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே! அங்கேயே பேஸ்பால் பயிற்சியாளர் வேலை. 1911-ல் வக்கீல் பட்டம் வாங்கி, மேற்கே ஐடாஹோ மாகாணத்தில் பாய்சி நகரில் தொழில் தொடங்கினார். கட்சிக்காரர்கள் வரவில்லை.

1913-ல் பழைய பிரவுன்ஸ் அணி அவரைக் கூப்பிட்டது. ஆட அல்ல, ஆட்டக்காரர்களைத் தேட. பின்பு மானேஜர் பதவியும் தந்தது. மிச்சிகனில் தாம் பயிற்சி கொடுத்த ஜார்ஜ் சிஸ்லர் என்ற மாணவரை அவர் அந்த அணிக்குக் கொண்டுவந்தார். சிஸ்லர் பிற்காலத்தில் நாடு புகழும் ஆட்டக்காரர் ஆனார்.

தாமே பந்து எறியத் தெரியாதவர், யார் நன்றாக எறிவார் என்று கண்டுபிடிப்பதில் மன்னன்!

விதை போட்டு வளர்த்தவர்

1917-ல் அதே ஊரின் இன்னொரு அணியான கார்டினல்ஸ் அவரைத் தலைவராக்கியது. அந்த அணி கடனில் மூழ்கிக் கிடந்தது. அலுவலகத்துக்கு வருபவர்கள் வறுமையைக் கண்டு முகம் சுளிக்காதிருக்க, ரிக்கி வீட்டுக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தார் என்று கதை உண்டு.

முதல் உலகப் போரின்போது 1918-ல் பிரான்சுக்குப் போனார். விஷவாயுப் போருக்கான படைப்பிரிவில் மேஜர். டை காப், கிறிஸ்டி மேத்யூசன் என்ற பெரிய ஆட்டக்காரர்களும் அதே பிரிவில் இருந்தார்கள்.

போரிலிருந்து திரும்பியதும் கார்டினல்ஸ் அணிக்கு அவரே மானேஜரும் ஆனார். ஞாயிறு என்ன ஆயிற்று? அன்றைக்கு மட்டும் பர்ட் ஷாட்டன் என்பவர் அணியை நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை மானேஜர் என்றே அவருக்குப் பெயர் வந்தது. ரிக்கி மைதானத்துக்குப் போகமாட்டார். ஆனால் அன்றைய வசூல் அணிக்கு வந்து சேரும். இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் பலர். கேலியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

பணக்கார அணிகள் நல்ல ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கும். ஏழை அணி என்ன செய்யும்? ரிக்கி விவசாயி மகன். விளைந்ததை வாங்கப் பணம் இல்லாவிட்டால், விதை போட்டு வளர்க்க வேண்டியதுதானே! சிற்றூர்களில் உள்ள சிறிய அணிகளை ஒவ்வொன்றாகக் கார்டினல்ஸ் கைக்குக் கொண்டுவந்தார். அங்கே இளைஞர்களைச் சேர்த்துப் பழக்கினார். தேறியவர்களை மேலே கொண்டுவந்தார். மிஞ்சியவர்களை மற்ற அணிகளுக்கு விற்றார். இப்படி 30-க்கும் மேற்பட்ட சிறிய அணிகள் அவர் பிடியில் வந்தன. மற்ற அணிகளும் பிற்பாடு இதையே பின்பற்றின.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்த இளைஞர்கள் வேறு அணிக்குப் போக முடியாது. குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். பேஸ்பால் தலைமை அதிகாரியான லாண்டிஸ் 1938-ல் தலையிட்டு, கார்டினல்ஸ் பிடியில் இருந்த 70-க்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார். சம்பளம் கொடுப்பதில் ரிக்கி கெட்டி. கஞ்சன் என்று பெயர் வைத்து எழுதிய பத்திரிகையாளரும் உண்டு.

1925-ல் மானேஜர் பதவி போயிற்று. அணியின் நிர்வாகம் மட்டும் அவரிடம் இருந்தது. அடுத்த ஆண்டே அவர் வளர்த்த அணி உலகக் கோப்பைத் தொடருக்குப் போயிற்று. எதிரே யார் தெரியுமா? 13 திருட்டுக்கு அவர் ஆளான அதே நியூயார்க் அணி!

1926 அக்டோபர் 10-ந் தேதி கடைசிப் பந்தயம். கார்டினல்ஸ் 3, யாங்கீஸ் 2. ஒரே ஒருவர் அவுட் ஆனால் கோப்பை கார்டினல்ஸுக்கு. முதல் பேஸில் நின்றவர் பேப் ரூத். உலகமே கொண்டாடிய வீரர். அவர் திடீரென்று இரண்டாவது பேஸைத் திருட ஓடினார். கார்டினல்ஸ் கேட்சர் பாப் ஓபாரல் பந்தை வீசினார். ரூத் அகப்பட்டார். கோப்பை கைக்கு வந்தது!

அன்று கிழமை என்ன? ஞாயிறு!

புரூக்லின்

கார்டினல்ஸ் அணி 1926, 1931, 1934, 1942 என்று நான்கு தடவை உலகக் கோப்பை வென்றது. அதற்குப் பின் ரிக்கி நியூயார்க்கின் புரூக்லின் பகுதிக்கு வந்தார். டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

அங்கேதான் மகாத்மா பட்டம் கிடைத்தது. ஓர் அமெரிக்க ஆசிரியர் காந்திஜியைப் பற்றி எழுதியதைப் படித்த பத்திரிகையாளர் ஒருவர், ஞானியும் தந்திரசாலியும் தகப்பனும் ஒரே ஆளாக இருப்பது ரிக்கிக்கும் பொருந்துகிறதே என்று அந்தப் பெயரைச் சூட்டினார். பாதி புகழ்ச்சி, பாதி கிண்டல். அடர்ந்த புருவம், வாயில் சுருட்டு, கழுத்தில் சின்ன டை, பேச்சில் வேத வாக்கியம். இதுதான் அமெரிக்க மகாத்மாவின் தோற்றம்.

அந்தக் காலத்தில் பெரிய லீக் அணிகள் எதிலும் கறுப்பர் கிடையாது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. எழுதாத விதிதான் இரும்பு விதியாக இருந்தது. கறுப்பர்கள் தங்களுக்கென்று தனி லீக் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ரிக்கி 25 ஆண்டு வாழ்ந்த செயிண்ட் லூயிஸ் மைதானத்தில் கறுப்பர்கள் தனிப் பகுதியில்தான் உட்கார வேண்டும். 1944 வரை அப்படியே இருந்தது. தாமஸின் கண்ணீரை மறக்காதவர் அங்கே என்ன செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே அவர் சம்பளத்துக்கு இருந்தவர். புரூக்லினில் அதிகாரம் இருந்தது. தடையாக இருந்தவர் என்று கருதப்பட்ட லாண்டிஸும் 1944-ல் இறந்துபோனார். தவிர, யாரும் தொடாத வயலில் நல்ல விளைச்சல் இருக்கிறது என்பது விவசாயி மகனுக்குத் தெரியாதா? தர்மமும் லாபமும் ஒரே பாதையில் வந்தன. ரிக்கி நடந்தார்.

மூன்று மணி நேரம்

கறுப்பர்களுக்குப் புதிதாக ஓர் அணி அமைக்கப்போவதாக வெளியே சொல்லிக்கொண்டார். அந்தச் சாக்கில் ஆட்களை நாடெங்கும் தேட அனுப்பினார். உண்மைத் திட்டம் சிலருக்குத்தான் தெரியும்.

ஜாக்கி ராபின்சன் என்ற பெயர் அடிபட்டது. வயது 26. கல்லூரியில் படித்தவர். ராணுவத்தில் லெப்டினண்டாக இருந்தவர். பஸ்ஸில் பின்பக்கம் போகச் சொன்னதற்கு மறுத்து, ராணுவ விசாரணைக்கு ஆளாகி, குற்றமற்றவர் என்று விடுதலையானவர். கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்ற கறுப்பர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார்.

அவரை அழைத்துவரப் போனவர் கிளைட் சூக்போர்த். அவரும் ஒரு பழைய மாற்றுக் கேட்சர்! வேட்டையில் குண்டு பட்டு ஒரு கண்ணின் பார்வை போனவர்.

1945 ஆகஸ்ட் 28-ந் தேதி. புரூக்லினில் மாண்டேக் தெருவில் ரிக்கியின் அலுவலகம். ராபின்சன் உள்ளே நுழைந்தார். புதிய கறுப்பர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். டாட்ஜர்ஸ் அணிக்காக என்று ரிக்கி சொன்னதும் திகைத்துப்போனார்.

அடுத்து நடந்தது ஒரு நாடகம். நடிகர் ஒருவர்தான். ரிக்கியே எல்லா வேடமும் போட்டார். ராபின்சனுக்குச் சாப்பாடு போட மறுக்கும் பரிசாரகர் ஆனார். காலில் ஆணிச் செருப்பால் மிதிக்கும் எதிரி ஆட்டக்காரர் ஆனார். பிறப்பையும் தாயையும் பழித்துக் கூவும் ரசிகர் ஆனார். முகத்துக்கு நேரே கையை ஓங்கினார். அறை இல்லை என்று விரட்டும் ஓட்டல் குமாஸ்தாவாகவும் நடித்தார். அந்த வேடத்துக்கு அவர் வசனம் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ராபின்சன் ரோஷக்காரர். திருப்பி அடிக்கப் பயப்படும் கறுப்பன்தான் வேண்டுமா என்று கேட்டார். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உள்ளவர் வேண்டும் என்றார் ரிக்கி. ஒரு கைகலப்பு நடந்தால் போதும். கறுப்பர்களைச் சேர்த்தால் இப்படித்தான் என்று கதவை மறுபடியும் சாத்திவிடுவார்கள். அதை அவர் விளக்கினார்.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. ராபின்சன் ஒப்புக்கொண்டார். கையெழுத்துக்கு 3,500 டாலர், மாதம் 600 டாலர் என்று பேசி முடித்தார்கள். மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசும் கொடுக்கவில்லை. எழுதப்பட்ட ஒப்பந்தம் ராபின்சனுக்கு இல்லை என்பது அவர் வாதம். அந்த ஏழை அணிக்கு அது பெரிய நஷ்டம்.

கதவு திறந்தது

1946-ல் ராபின்சன் கனடாவில், டாட்ஜர்ஸின் கிளை அணியான மாண்ட்ரியல் ராயல்ஸில் ஆடினார். முதல் பந்தயத்திலேயே இரண்டு பேஸ்களைத் திருடினார்!

1947 வசந்தத்தில் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்களில் சிலர், கறுப்பருடன் ஆடமாட்டோம் என்று மனு எழுதக் கிளம்பினார்கள். பிடிக்காதவர் வேறு அணிக்குப் போகலாம் என்று ரிக்கி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனு அமுங்கிப்போயிற்று.

ஏப்ரல் 15-ந் தேதி எபெட்ஸ் பீல்டு மைதானத்தில் ராபின்சன் இறங்கினார். டாட்ஜர்ஸின் வழக்கமான மானேஜர் தடை செய்யப்பட்டிருந்ததால், அன்று அணியை நடத்தியவர் சூக்போர்த். சில நாளில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் பழைய ஞாயிற்றுக்கிழமை மானேஜர் ஷாட்டன்!

ரிக்கி நடித்துக் காட்டியதெல்லாம் நிஜமாகவே நடந்தது. பிலடெல்பியா அணியின் மானேஜர் பென் சாப்மன் காது கூசும் வசை பொழிந்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. சில ஊர்களில் ஓட்டலில் இடம் கிடைக்கவில்லை. ராபின்சன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார்.

ஆண்டு முடிவில் புதியவர்களில் சிறந்தவர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு அவர் திருடிய பேஸ்கள் 29. நேஷனல் லீக்கில் அதுவே அதிகம். 13 திருட்டைத் தடுக்க முடியாத கேட்சர் தேடிக் கண்டுபிடித்தவர், லீக்கிலேயே பெரிய திருடர்!

அடுத்த ஆண்டு ராய் கேம்பனெல்லா வந்தார். பின்பு டான் நியூகம் வந்தார். கேம்பனெல்லா கேட்சர். மாற்று ஆள் அல்ல, முதல் கேட்சர். லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசை மூன்று தடவை வாங்கினார்.

மேடையில்

1950-ல் பங்குதாரர் வால்டர் ஓமாலியுடன் ஒத்துப்போகாமல் ரிக்கி புரூக்லினை விட்டு விலகினார். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணிக்குப் போனார். அங்கே அவர் காலத்தில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. ஆனால் 1954-ல் ராபர்டோ கிளமெண்டே என்ற போர்ட்டோரிகோ இளைஞரை அந்த அணி எடுத்துக்கொண்டது. அவர் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார்.

முதுமையில் இருதய நோய் ரிக்கியைப் படுத்தியது. 1965 நவம்பர் 13-ந் தேதி மிசவுரி மாகாணத்தில் கொலம்பியா நகரில் அவருக்கு ஒரு பாராட்டு விழா. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர் எழுந்து வந்தார். மேடை ஏறித் துணிச்சல் என்றால் என்ன என்பதைப் பற்றிப் பேசினார். பேச்சின் நடுவே நிறுத்தினார். மேற்கொண்டு பேச முடியவில்லை என்று சொல்லிச் சாய்ந்தார்.

அப்புறம் அவர் கண் விழிக்கவில்லை. டிசம்பர் 9-ந் தேதி காலமானார். 84 வயது நிரம்ப 11 நாள் பாக்கி.

சவ அடக்கப் பிரார்த்தனைக்கு ராபின்சன் வந்திருந்தார். ஓஹியோவில், ரிக்கி சிறுவனாக ஓடித் திரிந்த பகுதியில் அவரை அடக்கம் செய்தார்கள். 1967-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. ராபின்சன் ஐந்து ஆண்டு முன்னதாகவே, 1962-ல், அங்கே இடம் பெற்றிருந்தார்.